பேசும் சுவருக்குத் தமிழ் சொன்னேன்

கல்யாணத்துக்கு முன்னால், பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆளாகத்தான் இருந்தேன். அப்பா பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர். என்னைக் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் சேர்த்துப் பிரெஞ்சு படிக்க வைத்தார். அந்தப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு நான் ஏதாவது பெரிய இடத்துக்கு மருமகளாகப் போவேன் என்று வீட்டில் கணக்குப் போட்டிருந்தார்கள். நானோ பஞ்சாலையில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டு, புதுச்சேரியில் சாரம் பகுதியில் ஓர் ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தேன். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு, நன்றி என்று சொல்லும் 'மெர்சி' ஒன்றுதான். அதையும் என்னைக் கேலி செய்வதற்கென்றே வைத்திருந்தார். சோறு போட்டால் மெர்சி, திட்டினாலும் மெர்சி.

பிரான்சுக்குப் போகக் காத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அது பிழைப்பு. ஆசைக்குச் செய்தது இன்னொரு வேலை, படம் சொல்வது. ஊரில் ஒரு திரைப்படச் சங்கம் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடற்கரைப் பக்கம் ஒரு பழைய கிடங்கில் பிரெஞ்சுப் படம் போடுவார்கள். டிக்கெட் கிடையாது. பின்னால் நாற்காலிகள், முன்னால் பாய். நாற்காலியில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் உட்காருவார்கள். ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள். பாயில் மில் ஆட்கள், குருசுக்குப்பத்து மீன்பிடிக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் என்னை உட்கார வைத்துக் கையில் மைக்கைக் கொடுத்துவிடுவார்கள். படத்தில் ஒருவர் பேசி முடித்ததும் அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். பாதி உடம்பு திரையைப் பார்த்தும் பாதி உடம்பு கூட்டத்தைப் பார்த்தும் திரும்பியிருக்கும். படம் முடிந்து எழுந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

பாயில் இருப்பவர்கள் நான் சொல்வதை அப்படியே நம்புவார்கள். நாற்காலிக்காரர்கள்தான் தொல்லை. என் தமிழைப் பிரெஞ்சோடு உரசிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு வார்த்தை சறுக்கினால் இடைவேளையில் வந்து மடக்குவார்கள். இந்தோசீனாவில் சண்டை போட்டு வந்த ஒரு கிழட்டுச் சொல்தா இருந்தார். அவரைப்போலப் பிடுங்கி எடுப்பவர் வேறு யாரும் இல்லை. "மதாம், அவன் மழ பெய்யிதுன்னு சொல்லல, தூறுதுன்னுதான் சொன்னான்" என்பார். தொழிற்சங்கக்காரர்கள் என்றாலே அவருக்கு ஆகாது. மில் சங்கத்தில் இருந்த என் வீட்டுக்காரரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எழுபத்தைந்தில் அவசரநிலை வந்தது. தெருவுக்குத் தெரு, குறைவாகப் பேசுங்கள் நிறைய வேலை செய்யுங்கள் என்கிற மாதிரிப் பலகைகள் முளைத்தன. ரேடியோவில் எல்லாம் நன்றாக நடப்பதாகச் சொன்னார்கள். பேப்பரிலும் அதையேதான் போட்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் பேப்பரை விரித்துப் பிடித்தபடி, பேசாமல், பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மத்தியானம் மில் வாசல் டீக்கடையில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

காவல் நிலையத்துக்கு ஓடினேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அப்படி யாரையும் நாங்க கூட்டிட்டு வரலையேம்மா" என்றார். டீக்கடையில் நாலு பேர் பார்த்திருக்கிறார்கள் என்றேன். "பார்த்தவங்கள வரச் சொல்லுங்க" என்றார். யார் வருவார்கள்? அன்றைக்கு அங்கே நின்று அழுதேன் பாருங்கள், அந்த மாதிரி அதற்கு முன்னாலும் அழுததில்லை, பின்னாலும் அழுததில்லை. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரியவே பல வாரங்கள் ஆயின. மழைக்காலம் முழுக்கப் போய், ஒருநாள் காலையில் அவராகவே நடந்து வந்து வாசலில் நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காப்பி கொடுத்தேன். "மெர்சி" என்றார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

விட்டது சும்மா இல்லை. திங்கட்கிழமை தோறும் ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாக மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர் அவர், வெளியூர்க்காரர். சத்தம் போட மாட்டார். என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார்: "உங்க வீட்டப் பத்தியோ, வீட்டுல இருக்கிறவங்களப் பத்தியோ ஒரு வார்த்தை என் காதுக்கு வந்தாலும் இவர் மறுபடி உள்ள போகணும். அப்புறம் எப்ப வருவாருன்னு என்னாலயே சொல்ல முடியாது." அன்றிலிருந்து எனக்கு வாரத்தில் ஒரே கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சோறு தொண்டையில் இறங்காது. திங்கட்கிழமை வீட்டுக்காரர் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்கும்வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். பயம் கிலோ என்ன விலை என்று அப்போது எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

படம் சொல்வதை அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாள் என்று பேச்சு வருமே என்று அதற்கும் பயம். அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் படம் வந்தது.

சங்கத்தின் செயலாளர் பிரெஞ்சுப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லோரும் முசியே என்றுதான் கூப்பிடுவோம். தங்கமான மனிதர். ஆனால் பிரெஞ்சில் அச்சடித்த எதுவும் பொய் சொல்லாது என்று நம்புகிறவர். படப்பெட்டியோடு வரும் விளம்பரத் தாளில் 'நவீன வீட்டுச் சாதனங்களைப் பற்றிய குடும்ப நகைச்சுவை, எதிர்காலத்தில் நடப்பது' என்று போட்டிருந்தது. அதை அப்படியே தமிழாக்கிப் போலீசில் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டார். அந்த நாளில் நாலு பேர் ஓரிடத்தில் கூடுவதற்கே அனுமதி வேண்டும். எப்போதும் காலையில் எனக்கு மட்டும் ஒருதரம் ஓட்டிக் காட்டுவார்கள். அன்றைக்குச் சென்னையிலிருந்து பெட்டி வந்த பஸ் திண்டிவனத்தில் படுத்துவிட்டது. பெட்டி வந்து இறங்கியபோது கூட்டம் உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணும் பயப்படாதீங்க மதாம். காமெடிதான். குக்கர், பிரிட்ஜ், இதுமாதிரி" என்றார் முசியே.

மைக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து நிமிர்ந்தேன். நாற்காலி வரிசையில் அந்த இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள், சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். இன்ஸ்பெக்டருக்கு இந்தப் பக்கத்து நாற்காலியில் கிழட்டுச் சொல்தா. பாயில், மில் ஆட்களோடு என் வீட்டுக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து எனக்குக் கை காட்டினார்.

படம் நன்றாகத்தான் தொடங்கியது. எதிர்காலத்தில் ஒரு நகரம். அங்கே வீட்டுக்கு வீடு ஒரு சுவர் பேசும். சுவரில் ஒரு பெண் முகம் தெரியும், சிரித்த முகம். காலையில் எழுந்ததும் இன்றைக்கு உனக்கு என்ன ஆசை என்று அவள் சொல்வாள். ஜனங்கள் ஓடிப்போய் அதை வாங்கி வருவார்கள். சாயங்காலம் அது பழசாகிவிட்டது என்பாள். தூக்கித் தெருவில் போட்டுவிடுவார்கள். மழையே பெய்யாத நகரம் அது. ஒருநாள் எல்லோருக்கும் குடை வேண்டும் என்றாள். நகரமே வெயிலில், மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெருமையாக நடந்தது. அதில் ஓர் இளம் புருஷன் பெண்டாட்டி. வீட்டில் படுக்க இடமில்லாமல் வாங்கிய சாமான்களின் மேலேயே படுத்துக்கொண்டார்கள். நான் வரிக்கு வரி சொன்னேன். பாய் சிரித்தது, நாற்காலி சிரித்தது, இன்ஸ்பெக்டரும் சிரித்தார். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

அப்போது சுவர்ப் பெண் சொன்னாள்: நாளையிலிருந்து செய்தித்தாள் கிடையாது. மை உங்கள் கையைக் கெடுக்கிறது. தெரிய வேண்டியதை நானே சொல்கிறேன்.

யோசிப்பதற்குள் அதைத் தமிழில் சொல்லிவிட்டேன். கேட்டதைச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போயிருந்தது. பாயில் யாரோ இருமினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கிடங்கில் ப்ரொஜெக்டர் ஓடும் சத்தம் மட்டும்தான். இன்ஸ்பெக்டரின் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். முசியே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பக்கமே வரவில்லை. வீட்டுக்காரர்தான் கோலி சோடா வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஜோரா போவுது. இன்னா வேர்த்து ஊத்துது உனக்கு?"

"ஏங்க, வயிறு சரியில்லன்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போயிடுங்களேன்."

"குடைக்காரன் இன்னா ஆனான்னு தெரியாமலா? போ, போ, மைக்க எடு."

விளக்கை அணைத்தார்கள். நான் எழுந்து ஓடியிருந்தால் அதுவே பேச்சாகியிருக்கும். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

படத்தில் அந்தப் புருஷன் வீட்டுச் சுவர் பழுதாகிப் பேச்சை நிறுத்தியது. இரண்டு நாள் வீட்டில் சத்தமில்லை. தனக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெருவில் போய், எதற்காகக் குடை வைத்திருக்கிறீர்கள் என்று எல்லோரையும் கேட்டான். பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டுச் சுவரிடம் போய் அதைச் சொன்னாள். சிரித்த முகத்தோடு நாலு பேர் வந்து அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இவ்வளவையும் நான், "சுவர் ரிப்பேரு, ஆள் வந்திருக்காங்க, அவரும் கூடப் போறாரு" என்று சொல்லித் தள்ளிவிட்டேன். நாற்காலிப் பக்கம் ஒரு சின்னச் சலசலப்பு. அதோடு விட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும்.

அடுத்த காட்சியில் அவன் பெண்டாட்டி ஒரு அலுவலகத்துக்குப் போகிறாள். மேஜைக்குப் பின்னால் ஒருவன், தலையை நிமிர்த்தவில்லை. என் கணவரைக் கொண்டுவந்தீர்களே, எங்கே என்று கேட்கிறாள். அப்படி யாரையும் நாங்கள் கொண்டுவரவில்லை என்கிறான். தெருவே பார்த்தது என்கிறாள். சுவர் சொல்லவில்லையே என்கிறான். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

அந்தப் படத்தை எடுத்தவன் எந்த ஊர்க்காரனோ, புதுச்சேரிப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்க மாட்டான். நான் நின்ற இடத்தை எப்படி எடுத்தான்? பாயில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாற்காலியில் இன்ஸ்பெக்டர் லேசாக முன்னால் சாய்ந்தார். அவர் ஸ்டேஷன் மேஜைதான் அது. நான் கேட்டதைச் சொன்னால், நாளைக்குத் திங்கட்கிழமை.

மைக்கை வாயருகே கொண்டுபோனேன். "நேத்து இந்தக் கடையில வாங்கின சோப்பு சரியில்லன்னு அந்தம்மா சொல்றாங்க. அது இப்ப ஸ்டாக் இல்லன்னு கடைக்காரர் சொல்றாரு" என்றேன்.

ஒரு நொடி. பிறகு நாற்காலிப் பக்கம் குபீரென்று சிரிப்பு வந்தது. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? காதில் ஒன்று கேட்கிறது, மைக்கில் ஒன்று வருகிறது. பாயில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கொன்றது. அழுகிற பெண்ணைப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள் என்று யோசிக்க ஒரு போலீஸ்காரருக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆரம்பித்தாகிவிட்டது, இனி நிறுத்த முடியாது. அவனை அடைத்து வைத்த இடத்தைக் காட்டினார்கள். வரிசையாக ஆட்களை உட்கார வைத்து, எதிரே சுவரை வைத்து, சிரிக்கப் பழக்குகிறார்கள். சிரிக்காதவன் வாயை விரலால் இழுத்து விடுகிறார்கள். "இது பல் ஆஸ்பத்திரி" என்றேன். "புதுப் பல்பொடி வந்திருக்கு, நல்லாத் தேய்க்கச் சொல்றாங்க." நாற்காலிக்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போனார். மெத்தப் படித்தவர்கள், கொஞ்சம் பல்லை மூடிக்கொண்டு உட்காரக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்களுக்கென்ன, பிரெஞ்சு பாஸ்போர்ட் பெட்டியில் இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பிப் பக்கத்து நாற்காலிக் காதருகே குனிந்தார். கிழட்டுச் சொல்தாவிடம் ஏதோ கேட்டார். எனக்கு உதட்டசைவு மட்டும்தான் தெரிந்தது. என்ன கேட்டிருப்பார் என்று சொல்லவா வேண்டும். அந்த மனிதருக்கோ தூறலை மழை என்று சொன்னாலே பொறுக்காது. தொழிற்சங்கக்காரன் பெண்டாட்டிக்காகவா பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். வேண்டாத தெய்வமில்லை. சர்ச் மாதாவையும் வேண்டினேன், மணக்குள விநாயகரையும் வேண்டினேன்.

சொல்தா பதில் சொல்ல ஆரம்பித்தார். நீளமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே இடது கையைத் தூக்கி வலது கையால் முழங்கைவரை தேய்த்துக் காட்டினார். பிறகு கழுத்தைத் தேய்த்தார், கக்கத்தைத் தேய்த்தார். இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். சொல்தா சோப்புப் போட்டுக் காட்டியிருக்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வழக்கம்போல முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

கடைசியில் அந்தப் புருஷன் வீடு திரும்பினான். கக்கத்தில் குடை. வாய் நிறையச் சிரிப்பு. பெண்டாட்டி அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்து மறுபடி அழுதாள். சுவர்ப் பெண் நன்றி சொன்னாள். அதற்கு என்னால் சோப்பும் சொல்ல முடியவில்லை, பல்பொடியும் சொல்ல முடியவில்லை. "படம் முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் போனவர் மத்தியானம்வரை வரவில்லை. அரிசி களைந்தேன், களைந்ததை மறந்து மறுபடி களைந்தேன். தெருமுனையில் மணி கேட்டது. வந்தவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "உன்ன கூட்டிகினு வரச் சொன்னாரு" என்றார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். அதுவே எனக்குக் கிலியாக இருந்தது.

"படம் நல்லா இருந்துதும்மா. நீங்க சொன்னதுதான் அதவிட நல்லா இருந்துது" என்றார். பிறகு மேஜைக் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். "எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனா எதை எப்படிச் சொல்லணும்னு உங்களுக்குத் தெரியுது. எல்லாருக்கும் அது வராது. சர்க்கார் படம் போடற வேன் ஒண்ணு கடலோரக் குப்பங்களுக்குப் போகுது. படம் பூரா இங்கிலீஷ், இந்தி. ஜனங்க பாதியில எழுந்து போயிடறாங்க. நீங்க கூடப் போய்த் தமிழ்ல சொன்னா நல்லா இருக்கும்."

"எனக்கு வீட்டுல வேலை..."

"உங்க வீட்டுக்காரர் இனிமே திங்கக்கிழமை வர வேண்டாம்" என்றார் அவர்.

சோப்பு பொய் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்காகத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார். தெரியாவிட்டாலும் அதற்காகத்தான். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை நான் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அதே மேஜையில் அதே கேள்வியை இன்றைக்குக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். திங்கட்கிழமையில் சாதாரணமாகச் சோறு இறங்குவது எப்படி இருக்கும் என்று, இறங்காமல் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பொழுது சாய்ந்ததும் வேன் கிளம்பும். குருசுக்குப்பத்தில் ஆரம்பித்துக் கனகசெட்டிக்குளம் வரைக்கும் போயிருக்கிறேன். மணலில் இரண்டு கம்பு நட்டுத் துணி கட்டுவார்கள். அணை, ரயில், சின்னக் குடும்பம், புதுச் சாலை. படத்தில் வருகிற எல்லோரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படங்களில் நான் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. கேட்டதைக் கேட்டபடி, சுத்தமாகச் சொன்னேன். கிழட்டுச் சொல்தா வந்திருந்தால்கூட ஒரு தப்புக் கண்டுபிடித்திருக்க முடியாது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே சில சமயம் என் குரல் எனக்கே தெரிந்த வேறொரு குரலாகக் கேட்கும். அந்தச் சுவர்ப் பெண்ணும் காலையில் இப்படித்தான் பேசுவாள், அவசரமில்லாமல், அக்கறையாக. மைக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியைச் சொல்வேன்.

கனகசெட்டிக்குளத்தில் ஒருநாள் படம் முடிந்து துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, மீன் கூடையோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும்.

"ஏம்மா, இதெல்லாம் நீயா சொல்றியா, சொல்லச் சொன்னாங்களா?"

வேன் டிரைவர் காதில் விழுகிற தூரம். நான் மைக் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சர்தான். தொண்ட கட்டிப்போயி கெடக்குது உனக்கு. இந்தா, தண்ணி குடி" என்று சொம்பை நீட்டினாள். குடித்தேன். உப்புக் கரித்த தண்ணீர். முழுவதையும் குடித்தேன்.

பிறகு தேர்தல் வந்தது, அவசரநிலை போனது, பலகைகளைக் கழற்றினார்கள். வேனும் நின்றது. கிடங்கில் மறுபடி கூட்டம் கூடியது. முசியே என்னைக் கூப்பிட்டுப் பார்த்தார். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். கிழட்டுச் சொல்தாவிடம் ஒருநாள் கடற்கரையில் நன்றி சொல்லப் போனேன். "சோப்பு இல்ல மதாம், அவன் சவோன்னு ஒரு எடத்துலகூட சொல்லல" என்று, சோப்புக்கான பிரெஞ்சுச் சொல்லை வைத்தே திட்டிவிட்டு நடையைக் கட்டினார். என் வீட்டுக்காரர் மட்டும் அந்தப் படத்தைப் பற்றியோ வேனைப் பற்றியோ ஒரு நாளும் பேச்செடுக்கவில்லை. பிரெஞ்சு தெரியாத மனுஷன், சோப்புக் கதையை நம்பிவிட்டார், எப்படியோ போகட்டும் என்று இருந்தேன். வேன் வேலைக்கு ஏதோ சம்பளத்துக்காகப் போகிறேன் என்று நினைத்திருப்பார் என்றும் எண்ணிக்கொண்டேன். அவரிடம் மறைத்தது உறுத்தத்தான் செய்தது. கையெழுத்து நின்றதற்கு விலை என்ன என்று தெரிந்தால் அவர் மறுபடியும் அந்த ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடுவார் என்று பயந்தேன்.

எண்பதுகளின் நடுவில் சாரத்திலும் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. எங்கள் வீட்டுக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வந்தது. வாங்கிய முதல் வாரம், அவர் நாற்காலியில், நான் கீரை ஆய்ந்துகொண்டு தரையில். சோப்பு விளம்பரம் ஓடியது. ஒருத்தி நுரைக்குள் நின்று சிரித்தாள்.

"உன் சோப்பு வந்துட்ச்சி பாரு" என்றார்.

கீரைக்காம்பு கையிலேயே நின்றது. "எந்த சோப்பு?"

"கெடங்குல நீ வித்தியே, அந்த சோப்பு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு பிரெஞ்சுதாண்டி தெரியாது. கண்ணு தெரியும் இல்ல? மேசையப் புடிச்சிகினு ஒருத்தி அப்பிடி அழுவுறா. சோப்புக்கு எவளாவது அப்பிடி அழுவாளா? பாயில இருந்த அத்தினி பேருக்கும் தெரியும். உன் மூஞ்சியப் பார்த்தோம், கம்முனு இருந்தோம்."

"அப்ப வேன்?"

அவர் எழுந்து போய்ப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். செய்தி ஆரம்பித்திருந்தது. இழுத்துப் போர்த்திய புடவையும் வழித்து வாரிய தலையுமாக ஒரு பெண், தாளைப் பார்க்காமல், பிசிறில்லாமல், எல்லாம் நன்றாக நடப்பதாக வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கேலி இல்லை. அவர் குரலில் அவ்வளவு இரக்கத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"பாவம்டி. இந்தம்மா வூட்டுக்காரன் எந்த ஸ்டேசன்ல கையெழுத்து போடறானோ."